மாமாவுக்குப் பிடித்த பிரியாணி

தாத்தா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பண்டாரியை வைத்துச் சமைத்துவிடலாம் என்றார் அத்தா. அம்மா கேட்கவே இல்லை.

"மாமா வாயார நல்லாருக்குதுன்னு சொன்னது எங்கைப் பிரியாணியத்தான். அவருக்கு ஓதுற அன்னிக்கு ஊரான் சமைச்சதையா வைக்கிறது? நாந்தான் ஆக்குவேன்."

ஐம்பது பேருக்கு ஒருத்தியாக ஆக்க முடியுமா என்று அத்தா கேட்டுப் பார்த்தார். என் அம்மா ஃபரீதா பிடித்த பிடியை விடுகிறவள் அல்ல. அவளுக்கு அது வெறும் சமையலும் அல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவளைப் பாராட்டிய ஒரே ஆள் மாமனாரான தாத்தாதான். அத்தா தட்டில் எது விழுந்தாலும் சாப்பிட்டுவிட்டு செல்போனைப் பார்க்கிறவர். மகள் ஜைபாவும் அப்படித்தான் என்று என்னைச் சொல்வாள். அதில் பொய் இல்லை.

தாத்தா நூருல்லாவுக்கு மூக்கண்டப்பள்ளியில் வேஸ்ட் துணி வியாபாரம். திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வெட்டுத்துணியை வாங்கி, மிஷினில் எண்ணெய் துடைக்கப் பட்டறைகளுக்குப் போடுவார். மொபெட்டில் போகும்போது மூட்டைகளுக்கு நடுவே அவருடைய தொப்பி மட்டும்தான் தெரியும். தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததும், எங்களைப் படிக்கவைத்ததும், இந்த வீட்டைக் கட்டியதும் அந்த மூட்டைகளால்தான். ஆனால் தான் கட்டிய வீட்டுக்குள் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார அவரால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கிளம்பிவிடுவார். அங்கே என்ன வேலை என்றால் ஒரு வேலையும் இல்லை. வரப்பில் நடப்பார், நாரைகளைப் பார்ப்பார், அணையில் இன்றைக்குக் கழிவுநீர் நுரை எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பார், புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார். பொழுது சாய்ந்தால் வீடு.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு அம்மா பிரியாணி செய்து கேரியரில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். தாத்தா திரும்பி வந்து, ரொம்ப நன்றாக இருந்தது என்றிருக்கிறார். அவ்வளவுதான். அதன்பிறகு ஞாயிறுதோறும் விடிகாலை பஜ்ர் தொழுத கையோடு அம்மா தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிடுவாள். மாலையில் கேரியர் கழுவித் துடைத்து வரும். கூடவே தீர்ப்பும் வரும்.

"இன்னிக்குக் கறி பதமா வெந்திருந்துச்சும்மா. உப்புதான் ஒரு கல்லு கம்மி. அல்லா உன் கைக்கு பரக்கத் குடுக்கட்டும்."

குறையும் சேர்த்துச் சொன்னதால்தான் அம்மா அந்தப் பாராட்டை நம்பினாள். சும்மா முகதாட்சண்யத்துக்காகச் சொல்கிறவர் உப்பைப் பற்றி ஏன் பேசப்போகிறார் என்பது அவள் கணக்கு.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓத ஹஜ்ரத் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பிரியாணித் தட்டோடு வரும் நேரம், வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் எங்கள் டிபன் கேரியர். அதைக் காணோமென்று அம்மா வீட்டையே புரட்டிப் போட்டிருந்தாள்.

"எம்பேரு வெங்கடப்பனுங்க. டேம் பக்கம் நம்ம தோட்டம். பாய் கடைசியா வந்தன்னிக்கு இத உட்டுட்டுப் போயிட்டாரு."

நான் வாங்கித் திறந்தேன். உள்ளே கேழ்வரகுக் களி, இன்னொரு அடுக்கில் கொள்ளுக் கடைசல்.

"எங்கூட்டம்மா செஞ்சு குடுத்துச்சு. இன்னிக்கு பாய்க்குப் புடிச்சத வைப்பீங்கன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழமன்னா எங்கூட்டுல இதத்தான் சாப்புடுவாரு."

"ஞாயித்துக்கெழம நான் பிரியாணி கட்டிக் குடுப்பனே" என்றாள் அம்மா.

சூதுவாது தெரியாத மனிதர். முகம் மலர்ந்துவிட்டது. "அது எனக்குங்கம்மா. உங்க கைச் சாப்பாட்ட இத்தன வருசமா நாந்தான் சாப்ட்டேன்."

அத்தா தொண்டையைச் செருமினார். வெங்கடப்பனுக்கு அது புரியவில்லை.

"பாய் ஊத்தங்கரைல களி தின்னு வளந்த ஒடம்பு. வெயில்ல சுத்திட்டு வந்தா நெய்ச்சோறு எறங்காதும்பாரு. வீட்ல சொல்லிட வேண்டியதுதானன்னு கேட்டேன். புள்ள விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஆசயா ஆக்குது, எப்படிப்பா வேணாம்னு சொல்றதுன்னாரு."

புலி வாலைப் பிடித்த கதைதான். ஒரு ஞாயிறு மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை, ஆயுசுக்கும் விட முடியாமல் போயிருக்கிறது.

"அப்ப கறி வெந்துச்சு, உப்பு கம்மின்னதெல்லாம்?"

"நான் சொன்னதுங்க. நல்லாருக்குதுன்னு மட்டும் சொன்னா உடமாட்டாரு. வெவரமா சொல்லுய்யா, வீட்ல போயிச் சொல்லணும்பாரு."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அவளைப் பாராட்டிய ஒரே ஆளும் இல்லையென்றாகிவிட்டது. "நல்லா ஏமாத்தியிருக்காரு என்னை" என்று தட்டோடு உள்ளே திரும்பினாள். எனக்கே தாத்தாமேல் கோபம் வந்தது. அம்மா நாலடி போய் நின்றாள்.

"அல்லா உன் கைக்கு பரக்கத் குடுக்கட்டும்னு சொல்வாரு. அதுவும் நீங்க சொன்னதுதானா?"

வெங்கடப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"இல்லீங்கம்மா. அத நான் சொன்னதில்ல."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தாத்தா போனதிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. வருகிறவர்களுக்கு டீ போட்டுக்கொண்டே இருந்தாள். ஹஜ்ரத் தலையைக் குனிந்தபடி காத்திருந்தார். பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, களியை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். ஹஜ்ரத் முன்னால் முதலில் அதை வைத்தாள். பக்கத்தில் பிரியாணியை வைத்தாள்.

ஓதி முடித்ததும் வெங்கடப்பனைத்தான் முதலில் உட்காரவைத்தாள். தட்டு நிறையப் போட்டுவிட்டு, நகராமல் எதிரே நின்றாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

"நல்லாருக்குதும்மா."

"அப்படிச் சொன்னா ஆச்சா?" என்றாள் அம்மா. "வெவரமா சொல்லுங்கண்ணே."