மூன்றாவது ட்ரிக்கர்

"நீ வித்தது ட்ரிக்கரா, இல்ல துருப்பிடிச்ச தாழ்ப்பாளா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே ரைஃபிளோடு என் துப்பாக்கிக் கடைக்குள் வந்தான் வெர்லின்.

வெர்லின் என் தங்கை ரோனாவின் கணவன். மின்சாரக் கம்பெனியில் கம்பம் ஏறும் வேலை. மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் மலைப்பக்கம் அணில் வேட்டைக்கு அவனை அடிக்க ஆள் கிடையாது. இந்த வருஷம் மட்டும் ஒரு அணில்கூட விழவில்லை. பழி என் தலையில்.

ஆகஸ்டில், அணில் சுடுகிற தன் பாயிண்ட் டூ டூ ரைஃபிளின் ட்ரிக்கர் கடினமாக இருக்கிறது என்றான். கம்பெனி போட்டு அனுப்பியது, ஆறு பவுண்டு எடைக்கு அழுத்தினால்தான் சுடும். அதைக் கழற்றிவிட்டு மூன்றரை பவுண்டில் ஒன்று மாட்டினேன். செப்டம்பரில் அதுவும் கடினமாம். இரண்டரைக்கு மாற்றினேன். இப்போது அக்டோபர்.

"ஒன்றரைல ஒண்ணு கொடு."

"குறி பார்த்துச் சுடுற போட்டிக்குப் போறியா? காட்டுல கட்டைய தாண்டித் தாண்டி நடக்கிறவன் நீ. ஒன்றரைன்னா தும்முனாக்கூட வெடிக்கும். மாட்ட மாட்டேன்."

"அப்ப நீ மாட்டினது இரண்டரை இல்ல. ஏமாத்திட்ட."

முப்பது வருஷமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். ஒருத்தன் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். அவர்கள் எதிரிலேயே ரைஃபிளில் குண்டு போடும் அறையைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டினேன். அழுத்தத்தை அளக்கும் தராசின் கொக்கியை ட்ரிக்கரில் மாட்டி இழுத்தேன். இரண்டரை. மூன்று தடவை இழுத்தேன், மூன்று தடவையும் இரண்டரை.

"பாத்துக்க! ட்ரிக்கர்ல ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. ரோனா உனக்குச் சோறு போடுறதில்லபோல."

காபிக்காரர்கள் சிரித்தார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"எங்க, எல்லாரும் பாக்க அழுத்து."

சுவரைப் பார்த்துக் குறி வைத்தான். ஆள்காட்டி விரல் ட்ரிக்கரில் வளைந்தது. முழங்கை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல் நகரவில்லை. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"இடது கையால அழுத்துடா."

மாற்றிப் பிடித்தான். ட்ரிக்கர் 'டிக்' என்று உடனே அழுந்தியது.

ரைஃபிளை வாங்கி வைத்துவிட்டு அவன் வலது கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பினேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையே இல்லை. குழி விழுந்திருந்தது. தோலுக்கடியில் என்னவோ தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாரா வாரம் குலுக்கிய கை அது. ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா கம்பம் ஏறுற?"

"நேத்து பிடி நழுவிருச்சு. இடுப்புல கம்பத்தோட கட்டுற பெல்ட்டு இருந்துச்சு, தொங்கிட்டேன்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ட்ரிக்கர்தான் சரியில்லன்னு நெனச்சேன் மச்சான்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ட்ரிக்கராத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

காபிக்காரர்கள் கோப்பையை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனார்கள்.

"ரோனாவுக்குத் தெரியுமா?"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். கழுத்துவரை பட்டன் ஒழுங்காகப் போட்டிருந்தது.

"ரெண்டு மாசமா அவதான் போட்டுவிடுறா. என்னால முடியலன்னு சொல்லல. நீ போட்டுவிடேன்னு கேட்டேன். கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு கொஞ்ச வந்துட்டான்னு அவளுக்கு ஒரே சந்தோஷம், மச்சான். பாட்டுப் பாடிக்கிட்டே போட்டுவிடுறா."