ஹெஸ்ட்னிப்பா உச்சிப் புத்தகம்

என் கணவன் ஸ்டைநார் ஹெஸ்ட்னிப்பா மலையின் உச்சியைத் தொட்டுவிட்டுச் செத்தானா, தொடாமலே செத்தானா? பதினோரு மாதமாக எனக்கு வேறு கேள்வியே இல்லை. தொட்டிருந்தால், உச்சிக் கல்குவியலுக்குள் தகரப்பெட்டியில், ஏறி வருகிறவர்களுக்கென்று இருக்கும் புத்தகத்தில் பெயர் எழுதியிருப்பான். எழுதாமல் இறங்குகிற ஜென்மம் இல்லை அவன். பெயர் இருந்தால் மன்னித்துவிடலாம் என்றிருந்தேன். இல்லாவிட்டால், செத்தவன் என்றும் பார்க்காமல் இன்னும் கொஞ்ச காலம் திட்டுவதாக உத்தேசம்.

என்னோடு ஏறியவன் அவனுடைய தம்பி ஐவின். போன செப்டம்பரில் அண்ணனும் தம்பியுமாகத்தான் போனார்கள். மூடுபனி இறங்கியதும் கணவாயிலேயே ஐவின் திரும்பிவிட்டான், ஸ்டைநார் சொல்பேச்சு கேட்காமல் தனியாக மேலே போனான். ஐவின் சொன்னது இவ்வளவுதான். மூன்றாம் நாள் கிழக்குச் சரிவில் உடலைக் கண்டெடுத்தார்கள். மறுவாரமே பனி கொட்டி மலை மூடிக்கொண்டது. வழி திறக்க இந்த ஆகஸ்ட் ஆகிவிட்டது. மலையில் செத்தவனுக்கு எங்கள் ஊரில் இரக்கம் உண்டு, திரும்பத் தெரியாமல் செத்தவனுக்குக் கிடையாது. அடக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டே அதைத்தான் முணுமுணுத்தார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது நல்ல வெயில். பிர்ச் மரக்காட்டைத் தாண்டுவதற்குள் மழை பிடித்தது. மழைச்சட்டையை மாட்டி முடிப்பதற்குள் மறுபடி வெயில். சதுப்பில் கணுக்கால்வரை புதைந்தோம். அதற்கு மேலே கற்சரிவில் கையையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. ஐம்பத்திரண்டு வயது முட்டிகள் ஒவ்வோர் அடிக்கும் முனகின.

ஐவின் நின்று நின்று திரும்பிப் பார்த்தான்.

"குன்வோர், யாரோ கூப்பிடல?"

"ஆட்டு மணிடா அது."

"மணி இல்ல. குரல்."

"காத்துக்கும் உனக்கும் இன்னைக்கு வாயே ஓயாது போல. பேசுற மூச்ச ஏறுறதுக்கு வெச்சுக்க."

கணவாயில் மூடுபனி எங்களைப் பிடித்துக்கொண்டது. நீட்டிய கையின் விரல் தெரியவில்லை.

"இதோட திரும்பிடலாம். அண்ணன் பண்ண தப்ப நீயும் பண்ணாத."

"நீ வேணா திரும்பு. உனக்குத்தான் இந்த எடம் பழக்கமாச்சே."

சுருக்கென்று தைத்திருக்கும். தைக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் அவன் பின்னால் வந்தான். கொஞ்ச தூரம் போனதும் எனக்கும் கேட்டது. கிழக்கே, கீழே எங்கிருந்தோ, ஒரு பெயரின் கடைசி எழுத்தை மட்டும் யாரோ இழுத்துக் கூப்பிடுவதுபோல. அந்த உயரத்துக்கு ஆடுகள் வருவதில்லை. நான் ஐவினிடம் அதைச் சொல்லவில்லை.

உச்சிக்குப் போனபோது ஆலங்கட்டி மழை முகத்தில் அறைந்தது. ஐவின் கல்குவியலின் காற்றுப்படாத பக்கம் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தான். நான் விறைத்த விரல்களால் தகரப்பெட்டியை நெம்பிப் புத்தகத்தை எடுத்தேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் ஸ்டைநாரின் கையெழுத்து, கொக்கி கொக்கியாக.

"செப்டம்பர் 14, மணி 2.10. ஸ்டைநார், ஐவின். கிழக்கு விளிம்பு வழியாக இறங்குகிறோம்."

முதல் பெயரைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. இரண்டாவது பெயரைப் பார்த்ததும் இரண்டும் நின்றுபோயின.

கூட வந்தவர்களுக்கும் சேர்த்து ஒருவர் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். மற்றவர் அதற்குள் காபி ஊற்றுவார். ஐவினுக்கும் அது தெரியும். ஆனால் அதை மறந்து, தான் தொடாத புத்தகத்தில் தன் பெயர் இருக்காது என்று நம்பியிருக்க வேண்டும்.

"ஐவின், நீ எங்க திரும்பின?"

"கணவாய்ல. எத்தன தடவ சொல்றது?"

புத்தகத்தை அவன் மடியில் வைத்தேன். படித்தான். வெகுநேரம் அந்த ஒரு வரியையே படித்தான்.

"நான்தான் குறுக்கு வழின்னு கூட்டிட்டுப் போனேன்," என்றான். "வழுக்கிட்டான். கீழ ஒரு பாறைத் திட்டுல கால் ஒடஞ்சு கெடந்தான். என்னால அங்க எறங்க முடியல. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தான்."

"நீ பதில் சொன்னியா?"

"இல்ல. பதில் சொன்னா அவன விட்டுட்டுப் போக முடியாதுன்னு தோணுச்சு. ஆளக் கூட்டிட்டு வரலாம்னுதான் ஓடினேன். மூடுபனியில வழி தப்பிடுச்சு. ஊருக்கு வந்து சேர்றப்ப விடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் எதச் சொன்னாலும் கேவலமா இருந்துது, குன்வோர்."

"எவ்வளவு நேரம் கூப்பிட்டான்?"

"இன்னும் கூப்பிட்டுட்டுதான் இருக்கான்."

பதினோரு மாதம் நான் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன். புத்தகத்தைப் பிடுங்கி, பொங்கிய வெறுப்போடே அடுத்த வரியில் எழுதினேன்: "குன்வோர், ஐவின். வந்த வழியே இறங்குகிறோம்." பெட்டியை மூடிவிட்டு, அவனைத் திரும்பிப் பார்க்காமல் இறங்க ஆரம்பித்தேன்.

கற்சரிவில் மூடுபனி இன்னும் அடர்ந்தது. பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"குன்வோர்! எங்க இருக்க?"

பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"குன்வோர்! ஒண்ணும் தெரியல!"

குரல் என்னைவிட்டு விலகிக் கிழக்கே, விளிம்புப் பக்கமாக நகர்ந்தது. கற்கள் சரிந்தன. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவன் குரல் உடைந்திருந்தது. அப்போதும் பேசாமல் நின்றேன். அப்படி நிற்க எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. அது தெரிந்ததும் எனக்கு என்மேலேயே பயம் வந்தது.

"இங்க இருக்கேன், ஐவின்!" தொண்டை கிழியக் கத்தினேன். "அசையாத! நான் வரேன்!"