திரும்பி வரமாட்டாள்

"உம்மட அண்ணா லண்டனிலதானே இருக்கிறார்?" என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டபோது, சிவாஜினி அதை அன்பான விசாரிப்பு என்றுதான் நினைத்தாள்.

"ஓம் மிஸ். ஒருநாள் வந்து பாக்கிறன் எண்டவர்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதுதான் பிரச்சினை. நீர் போனா திரும்பி வரமாட்டீர் எண்டு ஒரு கதை வந்திருக்கு. ஒரு பிள்ளை அங்க நிண்டாலும் எங்களுக்கு இனி விசா கிடையாது. உம்மட இடத்துக்குத் தர்சிகாவைப் போட்டிருக்கு."

லண்டன் பள்ளிக்கூடமொன்றுடன் மாணவர் பரிமாற்றம். பத்து நாள் பயணம். நேர்முகத்தில் முதலாவதாக வந்தவள் சிவாஜினி. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் அப்பா இரத்தினசிங்கம், கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதிபரிடம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அந்த முகத்தைச் சிவாஜினியால் பார்க்க முடியவில்லை.

கதையைக் கொண்டுபோனது யார் என்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை. "வந்தியெண்டா உன்னைத் திருப்பி அனுப்பமாட்டன்" என்று அண்ணா ஸ்பீக்கர் போனில் பகிடிவிட்டபோது அறையில் கூட இருந்தவள் தர்சிகா மட்டும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கன்னத்தில் அறையவேண்டும் போல இருந்தது. அறைந்தால் பொறாமை என்பார்கள். அதனால் சிவாஜினி சிரித்த முகத்துடன், பெட்டி அடுக்க உதவுவதற்குத் தர்சிகா வீட்டுக்குப் போனாள்.

குசினியில் தர்சிகாவின் அம்மா கமலேஸ்வரி பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு அழுதார்.

"பத்து நாளுக்குப் போற பிள்ளைக்கு ஏன் அன்ரி இப்பிடி அழுறீங்கள்?"

"அழேல்லப் பிள்ளை. புகை."

அது காஸ் அடுப்பு. புகை எதுவும் இல்லை. முற்றத்தில் வழக்கமாக நிற்கும் தர்சிகாவின் சைக்கிளையும் காணவில்லை; மச்சாளுக்குக் கொடுத்துவிட்டாளாம். டியூசன் புத்தகங்களையும் அவளுக்கே கொடுத்தாளாம். வருகிற வருடம் உயர்தரப் பரீட்சை எழுதவேண்டியவள்.

சிவாஜினிக்கு எல்லாம் விளங்கியது. தன்னைப் பற்றிச் சொன்ன கதை, போய்த் திரும்பி வராமல் நிற்பது, தர்சிகாவின் சொந்தத் திட்டம்.

உடனே போய் அதிபரிடம் சொல்லியிருக்கலாம். அவர் நம்பினாலும் தர்சிகாவுக்குப் பயணம் மட்டும்தான் நிற்கும். அது போதாது. அவள் போகவேண்டும். அந்த நகரத்தைப் பார்த்து, இனி இது என்னுடையது என்று நினைக்கவேண்டும். அதற்குப் பிறகு விழவேண்டும்.

"ஒவ்வொரு நாளும் படம் அனுப்படி," என்று சிவாஜினி அவளைக் கட்டிப்பிடித்தாள். "எனக்கு ஒண்டும் மறைக்காதை."

படங்கள் வந்தன. சிவப்பு பஸ், ஆற்றுப் பாலம், சுரங்க ரயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு தர்சிகா. ஒவ்வொன்றுக்கும் சிவாஜினி இதயம் போட்டாள்.

"ஏன் பிள்ளை இதையெல்லாம் பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று அப்பா கேட்டார்.

"சந்தோசமா இருக்கு அப்பா." அது பொய்யில்லை.

பயணம் முடியப்போகும் சமயம், ஒரு பின்னேரம் குரல் பதிவொன்று வந்தது. தர்சிகா குசுகுசுத்தாள்: "சிவா, நான் திரும்பி வரேல்ல. நாளைக்கு மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவினம். பின்வாசலுக்கு எங்கட லண்டன் மாமா, அதிபருக்குச் சொல்லாத ஆள், கார் கொண்டுவருவார். உனக்கு மட்டும்தான் சொல்லுறன். என்னை மன்னிச்சுக்கொள்ளு."

மன்னிப்புத்தான் சிவாஜினியைச் சுட்டது. 'கவனமாப் போ' என்று பதில் போட்டுவிட்டு நேரே அதிபர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தாள். பதிவைக் கேட்டு அதிபரின் முகம் வெளிறியது. லண்டனில் இருந்த பொறுப்பாசிரியைக்கு உடனே போன் போனது. மறுநாள் மற்றப் பிள்ளைகள் மியூசியம் பார்த்தார்கள். தர்சிகாவின் கடவுச்சீட்டு ஆசிரியையின் கைப்பையில் இருந்தது; தர்சிகா பூட்டிய அறையில் இருந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணா போன் எடுத்தான். "பிடிச்சுக் குடுத்தனியோ? நானும் இங்க இப்பிடி நிண்டவன்தான், தெரியுமோ?"

"நீ நிக்கிறதுக்காக ஆரையும் விழுத்தினியோ?"

அண்ணா போனை வைத்துவிட்டான்.

தர்சிகா பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று நேரே சிவாஜினியிடம்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீதானே?"

"ஓம்."

"எனக்கு அங்க ஒரு வாழ்க்கை இருந்துது சிவா."

"எனக்குப் பத்து நாள்தான் இருந்துது. அதையும் நீ எடுத்தனி."

"கேட்டிருந்தா தந்திருப்பியோ?"

சிவாஜினி யோசித்தாள். "தந்திருக்கமாட்டன். சண்டை பிடிச்சிருப்பம். ஆனா நீ என்னைக் கள்ளியாக்கிப்போட்டு, எனக்குப் பக்கத்திலயே இருந்து சோறு திண்டனி."

தர்சிகா பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். சிவாஜினி அவள் போவதை முழுக்கப் பார்த்தாள். நெஞ்சுக்குள் குளிர்ந்தது.

அந்தக் கிழமையே பரிமாற்றத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறைக்குக் காத்திருந்த பிள்ளைகள் சிவாஜினியையும் தர்சிகாவையும் ஒரே மாதிரித்தான் முறைத்தார்கள். அதிபர் சிவாஜினியைக் கூப்பிட்டு, "நல்ல வேலை செய்தீர்," என்றார்.

"மிஸ், என்னைப் பற்றின கதை பொய் எண்டு அப்பாவுக்குச் சொல்லுங்கோ."

"அது முடிஞ்ச கதை பிள்ளை. வகுப்புக்குப் போம்."

"எனக்கு முடியேல்ல."

அதிபர் நிமிர்ந்து பார்த்தார். சிவாஜினி வாசலை விட்டு அசையவில்லை. அப்பாவின் இலக்கத்தை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். அதிபர் போனைக் கையில் எடுக்கும்வரை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.