நூற்று இருபத்தேழு பற்கள்

அந்தத் திருகு சரியாக இருந்தது. பெனடிக்றுக்கு அதுதான் பிரச்சினை.

ஒக்லண்டின் பென்ரோஸ் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பழுதுபார்க்கும் அறையில் அவன் வேலை செய்தான். பெட்டி மடிக்கும் இயந்திரத்துக்கு மாற்றாக ஒரு வியாபாரி மூலம் வந்த திருகு அது. ஒன்றேகால் அடி நீளம், கட்டைவிரல் தடிப்பு. திருகைச் சுற்றி ஓடும் வரிதான் மரை; மரைக்கும் மரைக்கும் நடுவே மூன்று மில்லிமீற்றர் இருக்கவேண்டும். பெனடிக்ற் நூறு மரை எண்ணி அளந்தான். முந்நூறு மில்லிமீற்றர் வந்தது. மயிரிழையும் தவறவில்லை.

"என்ன அண்ணே, மூணு நாளா அந்த ஸ்க்ரூவையே கொஞ்சிட்டிருக்கீங்க?" என்றான் பழனிவேல். கோயம்புத்தூர்க்காரன், அளவு பார்த்து ஒப்பமிடுவது அவன் வேலை. "சரியா இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன். மாட்ட வேண்டியதுதானே?"

"சரியா இருக்கக் கூடாது, பழனி."

"இது நல்லா இருக்கே! தப்பா இருந்தா திட்டுவீங்க. சரியா இருந்தாலுமா?"

பெனடிக்ற் திருகைத் திருப்பி அதன் முனையைக் காட்டினான். அங்கே கடுகளவில் ஒரு சிலுவை கீறியிருந்தது.

"இது இராசநாயகத்தின்ரை கை. ஒரு சாமானை லேத்திலையிருந்து கழட்ட முதல் இப்பிடிச் சிலுவை கீறுவான். உங்கடை ஆக்கள் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிற மாதிரி, இவன் சிலுவை போட்டு முடிப்பான். ஆறு வருசம் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

பழனிவேலின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. அந்தப் பெயரை அவன் அறிவான். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எல்லோரும் அறிவார்கள்.

இராசநாயகமும் பெனடிக்றும் யாழ்ப்பாணத்தில் ஒரே கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். பெனடிக்றின் மகள் அஞ்சலினாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் இராசநாயகம்தான். ஒக்லண்டில் அவன் ஒரு சிறிய கடைசல் பட்டறை போட்டபோது பெனடிக்ற் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். பட்டறையில் ஒரு பழைய லேத், அதாவது கடைசல் இயந்திரம், இருந்தது. வேலை கூடியபோது இன்னொன்றைத் தவணைக்கு எடுத்தார்கள். கடன் கொடுத்த நிறுவனம் பிணை கேட்டது. "நீ ஒரு கையெழுத்து வை மச்சான், சும்மா ஒரு முறைக்கு" என்றான் இராசநாயகம். பிளொக்ஹவுஸ் பேயில் இருந்த தன் வீட்டின் பேரில் பெனடிக்ற் கையெழுத்து வைத்தான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஏப்ரலில், கடனைக் கட்டமுடியாமல், இராசநாயகம் வங்குரோத்தானான்.

சட்டம் அப்போது செய்தது நியாயமான காரியம்; கோபத்திலும் பெனடிக்ற் அதை மறுத்ததில்லை. வங்குரோத்தானவனின் சொத்தையெல்லாம் அரசு அலுவலர் பொறுப்பேற்று விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார். ஆனால் ஆளை உரித்துத் தெருவில் விடமாட்டார்கள். உடுப்பு, படுக்கை, சமைக்கும் சட்டி, பிறகு தொழில் செய்யும் கருவி, இவற்றில் ஒரு சிறு பெறுமதிக்கு உட்பட்டதை அவனே வைத்துக்கொள்ளலாம். தச்சனின் உளியைப் பறித்தால் அவன் இனி எதை வைத்து உழைப்பான்? அவனையும் பிள்ளைகளையும் ஊர்தானே தாங்கவேண்டும்? அந்த எண்ணத்தில் விட்டுவைப்பது. மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் பெயரும் துடைக்கப்பட்டுவிடும்.

இராசநாயகம் பழைய லேத்தை வைத்துக்கொண்டான். நாற்பது வருடக் கிழடு, நானூறு டொலருக்கு மேல் பெறாது என்று எழுதி விட்டுக்கொடுத்தார்கள். தவணைக்கு எடுத்த நல்ல லேத் ஏலத்துக்குப் போனது. பதினெட்டாயிரம் பெறும் என்று பெனடிக்ற் நம்பியிருந்தான். எழுநூறுக்கு விழுந்தது. "தேய்ந்தது, சத்தம் போடுகிறது" என்று ஏலச்சீட்டில் எழுதியிருந்தது. ஏலம் போட்டவர்களுக்குக் கண் இல்லை என்று பெனடிக்ற் திட்டினான். மிச்சத்தைப் பிணை வைத்தவனிடம் கேட்டார்கள். வீடு போனது. வீடு போயும் தீராத பாக்கியை, ஒனெஹங்காவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருந்துகொண்டு, அவன் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தான். வங்கிச் சீட்டில் ஒவ்வொரு முறையும் தவணைக்கு எடுத்த அந்த லேத்தின் இலக்கத்தை எழுதவேண்டும்: 40817. மகளின் பிறந்த நாளைவிட அந்த இலக்கம் அவனுக்கு நன்றாகப் பாடம்.

இப்போது தொண்ணூற்று ஆறு, மார்ச். இன்னும் ஐந்து வாரத்தில் இராசநாயகத்தின் மூன்று வருடம் முடிகிறது.

"சரி அண்ணே, அவர் திவாலானவரு, பழைய லேத்துல கடைஞ்சு பொழைக்கிறாரு. சட்டம் விட்டதுதானே? இந்த ஸ்க்ரூவுல என்ன மர்மம்?"

பெனடிக்ற் ஒரு பென்சிலை எடுத்தான். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவனுடைய கோபம்கூடச் சற்று ஒதுங்கி நிற்கும்.

லேத்தில் வேலைத்துண்டு சுழலும். கீழே லேத்தின் நீளத்துக்கு ஒரு தாய்த்திருகு ஓடும்; அதுதான் வெட்டும் உளியைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். துண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி எவ்வளவு நகர்கிறதோ அதுதான் மரையின் இடைவெளி. நடுவில் உள்ள பல்சக்கரங்களை மாற்றி அந்த இடைவெளியை மாற்றலாம். இவ்வளவுதான் விசயம். ஆனால் பழைய லேத்தின் தாய்த்திருகு அங்குலக் கணக்கில் வெட்டியது. அங்குலத் தாய்க்கு அங்குலப் பிள்ளைதான் சுலபமாகப் பிறக்கும். மில்லிமீற்றர் வேண்டுமென்றால் ஒரு அங்குலம் இருபத்தைந்து தசம் நாலு என்ற அந்தக் கோணல் கணக்கைப் பல்லால் கடக்கவேண்டும். ஐந்து அங்குலம் நூற்று இருபத்தேழு மில்லிமீற்றர். ஆகவே சரியாக நூற்று இருபத்தேழு பல் உள்ள ஒரு சக்கரம் வேண்டும்.

"அது இல்லாட்டி?"

"அதின்ரை பாதிக்குக் கிட்ட வாற அறுபத்துமூண்டு பல்லுச் சக்கரத்தைப் போட்டுச் சமாளிக்கலாம். நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள். நூறிலை ஒரு பங்குக்குக் கிட்டப் பிழைக்கும். சின்ன ஆணியெண்டால் ஆருக்கும் தெரியாது. இந்த நீளத்துக்கு நூறாவது மரையிலை ரெண்டரை மில்லிமீற்றருக்குக் கிட்டத் தள்ளி நிக்கும். நட்டுப் பாதியிலை இறுகிப்போம்."

"அப்ப அந்தப் பெரிய சக்கரத்தை வாங்கியிருப்பாரு."

"வாங்கினாலும் போடேலாது. சக்கரம் தாங்கிற கை உடைஞ்சு, நான்தான் வெல்டிங் அடிச்சனான். வெல்டிங் தடிச்சுப்போய்ப் பெரிய சக்கரத்துக்கு இடம் இல்லை."

பழனிவேல் தலையைச் சொறிந்தான். "ஆமா, மர்மம்தான்."

அன்று பின்னேரம் அவன் மனைவி மாகிரட் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே பெனடிக்ற் திருகின் கதையைச் சொன்னான். அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள்.

"எனக்கு உங்கடை பல்லுக் கணக்கு விளங்காது" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை சாந்தகுமாரி என்னைக் கட்டிப்பிடிச்சுச் சமாதானம் சொன்னவள். அவையள் கிச்சின் புதுசாக் கட்டினமாம். வங்குரோத்தான மனுசன்ரை பெண்சாதிக்குக் கல்லுப் பதிச்ச கிச்சின்!"

"அவள் வேலை செய்யிறாள்தானே."

"பாதர் மன்னிக்கச் சொல்லுறார். பாதரின்ரை வீடா போனது? நீங்கள் போய்ப் பாருங்கோ. அஞ்சலினாவுக்குக் கோயிலிலை உறுதிபூசுதல் சடங்கு வருகுதெல்லே? ஞானத்தகப்பனுக்குச் சொல்லாமல் விடலாமோ?"

அவள் சிரிக்காமல் சொன்னாள். பெனடிக்றுக்கு அந்தச் சிரிக்காத முகம் பிடித்திருந்தது. மூன்று வருடமாக இருவரும் ஒரே பசியைத் தனித்தனியாகக் காத்துவந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை எவொண்டேலில் இராசநாயகத்தின் வீட்டுக் கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது. பெனடிக்ற் வாசலில் நின்று முதலில் காதால் கேட்டான். பழைய லேத் வேகம் கூடினால் இருமும். இது இருமவில்லை.

"ஆர், மச்சானே! வா, வா." இராசநாயகம் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தான். "வங்குரோத்துக்காரன்ரை வீட்டுக்கு வரவும் ஒரு மனம் வேணும்."

பெனடிக்ற் உறுதிபூசுதலைப் பற்றிச் சொன்னான். இராசநாயகத்தின் கண் கலங்கியது, உண்மையாகவே கலங்கியது. அதுதான் அவனிடம் தாங்கமுடியாத குணம். சாந்தகுமாரியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

"கிழவி இன்னும் ஓடுறாள் போலை" என்றான் பெனடிக்ற், லேத்தைக் காட்டி.

"ஓம். சட்டம் எனக்கெண்டு விட்டுத்தந்த பழசு. இதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது, கண்டியோ." இராசநாயகம் லேத்தின் நெற்றியில் தட்டினான். "உன்ரை வீடும் அப்பிடி ஏதும் சட்டத்துக்குள்ளை நிண்டிருக்கலாம். நீதான் அவசரப்பட்டுக் கையெழுத்து வைச்சிட்டாய்."

பெனடிக்ற் அவனைப் பார்த்தான். பகிடியா, அறியாமையா, ஏளனமா என்று முகத்தில் தேடினான். ஏளனம்தான். மிகச் சிறியது, உதட்டின் ஓரத்தில், திருகின் முனையில் கீறிய சிலுவை அளவில்.

தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு அவன் லேத்தைச் சுற்றி நடந்தான். இரண்டு லேத்தும் ஒரே கம்பனி, ஒரே உருவம். ஒன்று முந்திப் பிறந்தது, அங்குலம். மற்றது பிந்தியது, மில்லிமீற்றர். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெயின்ற் அடித்தது பெனடிக்ற்தான். பெயர்த்தகட்டைப் பார்க்காமல் வெளியாள் ஒருவனுக்கு வித்தியாசம் தெரியாது. பெயர்த்தகட்டில் பழைய லேத்தின் இலக்கம் இருந்தது. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் பித்தளை அல்ல. வெள்ளை அலுமினிய ஆணிகள். கம்பனி அப்படி அடிப்பதில்லை.

கைப்பிடி வளையங்களில் அளவுக் கோடுகள் இருக்கும் இடத்தில், அங்குலமா மில்லிமீற்றரா என்று தெரியாதபடி, கறுப்புத் துணிநாடா சுற்றியிருந்தது. தாங்கு கையில் அவன் அடித்த வெல்டிங்கின் தழும்பைத் தேடினான். தழும்பு இல்லை; கை முழுதாக இருந்தது. கடைசியாக, உளி ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்துத் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரைக்கும் இழுத்தான். பழைய லேத்தில் தலைப்பக்கம் நாற்பது வருடத் தேய்வில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகம் தட்டும். நகம் தட்டவில்லை. கண்ணாடி போல ஓடியது.

அப்போது எல்லாப் பற்களும் ஒன்றோடொன்று கொளுவிச் சுழன்றன. ஏலம் போட்டவர்களுக்குக் கண் இருந்தது. அவர்கள் விற்றது தேய்ந்த லேத்தைத்தான், இருமியதும் அதுதான். இராசநாயகம் தகடுகளை மாற்றி, மில்லிமீற்றர் லேத்தைத் தன்னிடம் வைத்திருந்தான்; அதற்கு நூற்று இருபத்தேழு பல்லே தேவையில்லை. பிச்சைக்காரனுக்கென்று சட்டம் திறந்து வைத்த சிறிய கதவால் யானையை நடத்திக்கொண்டு போயிருந்தான். அந்த யானைக்குத் தீனி போட்டது பெனடிக்ற், மூன்று வருடம்.

 ஸ்பானரை எடுத்து அந்த உதட்டோரத்தில் ஒன்று போட்டால் என்ன என்று நினைத்தான். ஒரு மூச்சு நேரம்தான். அடித்தால் இராசநாயகம் அடிபட்டவனாகிவிடுவான். கோயிலில் எல்லோரும் அவனுக்காகச் செபிப்பார்கள். அதுவுமல்லாமல், தகடு மாறியது என்று சொல்வது மட்டும் போதாது. ஆணியும் தழும்பும் பெனடிக்றின் வாய்ச்சொல். பிணைகாரன் பொறாமையில் கதைக்கிறான் என்பார்கள். தாய்த்திருகை அளந்தாலும், வங்குரோத்துக்கு முன்பே மாற்றிப் போட்டேன் என்று இவன் சாதிப்பான். மாற்ற முடியாத ஒன்று வேண்டும்.

அவன் வால்பக்கம் போய் நின்றான். தண்டவாளத்தின் நுனியில், தட்டையான இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை சற்றுத் தடித்திருந்தது. கீழே பூச்சுக்களி வைத்து நிரப்பி மேலே பெயின்ற் அடித்த தடிப்பு. பெனடிக்ற் கோப்பையை அந்த இடத்தில் வைத்தான்.

இராசநாயகத்தின் கண் கோப்பைக்குப் போய்த் திரும்பியது. "அதிலை வையாதை மச்சான், எண்ணெய்."

"பரவாயில்லை" என்றான் பெனடிக்ற். கோப்பையை எடுக்கவில்லை. "மாப் பிசைஞ்ச மாதிரி நல்ல வடிவாப் பூசியிருக்கிறாய்."

"பழசெல்லே? அங்கை இங்கை வெடிச்சுப்போச்சு."

"ஓம். சட்டம் விட்ட பழசிலை ஆரும் கை வைக்கேலாது." பெனடிக்ற் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான், வழக்கத்தைவிடச் சற்று நேரம். "உறுதிபூசுதலுக்குக் கட்டாயம் வா. அதுக்குள்ளை உன்ரை மூண்டு வருசமும் முடியாது."

இராசநாயகத்தின் கை பெனடிக்றின் கைக்குள் ஈரமானது. அந்த ஈரத்தைப் பெனடிக்ற் கார்வரைக்கும் துடைக்காமல் கொண்டுபோனான்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டபின் மாகிரட் ஒரு கேள்விதான் கேட்டாள். "அவனுக்கு என்ன நடக்கும்?"

"மெசின் கடன் குடுத்தவங்களுக்குப் போகும். என்ரை பாக்கி கழியும். சொத்து ஒளிச்சதுக்குக் கோர்ட்டிலை நிக்கோணும். பேர் துடைபடாது."

"நல்லது" என்றாள் மாகிரட். எழுதும் தாளை எடுத்து வைத்து, தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

வங்குரோத்து அலுவலகத்துக்குப் பெனடிக்ற் ஒரு பக்கம்தான் எழுதினான். கோபத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு மெசினைத் தெரியாதவருக்கு விளக்குவது போல எழுதினான்:

"நாளைக்கே, சொல்லாமல் போங்கள். பெயர்த்தகட்டைப் பார்க்கவேண்டாம், அதை யாரும் கழற்றி மாற்றலாம். லேத்தின் வால்பக்கம் போய், தண்டவாளத்தின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ற் கரைக்கும் திரவத்தைப் பூசுங்கள். பத்து நிமிடம் விட்டுச் சுரண்டுங்கள். கம்பனி இலக்கத்தை இரும்பிலேயே அடித்திருக்கும். அங்கே 40817 என்று இருந்தால், அது நீங்கள் அவருக்கு விட்டுக்கொடுத்த பழைய லேத் அல்ல; ஏலத்தில் விற்றதாக நீங்கள் எழுதிய புதிய லேத்."