இன்னும் இருநூறு

எங்கள் காரில் பெட்ரோல் முள் படுத்து ஐந்து வருடமாகிறது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூரமெல்லாம் பணக்கணக்குதான். மார்க்கெட் ஐம்பது ரூபாய். அவர் வயரிங் வேலை பார்க்கும் காலனி நூறு. என் தங்கை தங்கியிருக்கும் வீடு மூவாயிரம்.

அவள் நர்ஸ். அன்று அவள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நாள். திரும்பி வர மூன்று வருடம். கம்பெனி வேன் மூன்று மணி வரைதான் அவள் வாசலில் நிற்கும். அதற்குள் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு பயணத்துக்காக இரண்டு மாதம் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனேன். வீட்டில் சாயங்காலக் காபி நின்றது. பெட்ரோல் விலை ஏற ஏற என் செருப்பு தேய்ந்தது.

"விலை ஏறினதுக்கும் சேர்த்து மூவாயிரத்து இருநூறுக்குப் போட்டிருக்கேன்," என்று விடியற்காலையில் பெருமை பேசினார். அந்த இருநூறு போன வருட ஏற்றத்துக்கே சரி. பிறகு இரண்டு தடவை ஏறியதற்குப் பேப்பரை வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தவரும் இவரேதான்.

இரண்டு மணிக்கு, இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கையில், கார் இருமிவிட்டு நின்றது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?"

"நேத்து வண்டியையே எடுக்கலை! வாயைத் திறக்காம உள்ளேயே உக்காருங்க. நான் போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேனும் கையுமாக, ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சரம்மாவை நிறுத்தி ஏறிக்கொண்டேன். கேனில் ஊற்ற மாட்டேன் என்ற பங்க்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் திரும்ப அரை மணி நேரம் ஆனது. அவசரத்தில் போனைக் காரிலேயே விட்டிருந்தேன்.

"உன் தங்கச்சி கூப்பிட்டா," என்றார், புனலைப் பிடித்தபடி. "வண்டி நின்னுடுச்சுன்னேன். இன்னும் எவ்வளவுன்னு கேட்டா. சொல்லிட்டேன்."

மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் இறங்கினோம். வேன் இல்லை. கதவில் பூட்டு தொங்கியது. ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"ரெண்டரைக்கே கிளம்பிட்டோம்க்கா," என்று அழுதாள். "இன்னும் இருநூறு இருக்குன்னு மாமா சொன்னாரே! இருநூறு கிலோமீட்டரை எப்போ தாண்டி வருவீங்க? மத்தவங்களை ஏன் காக்க வைக்கணும்னு நானே வேனை எடுக்கச் சொல்லிட்டேன்."

திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வாய் கிழியத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

"ஏர்போர்ட் எவ்வளவு?" என்றேன். பாழாய்ப்போன பழக்கம் என் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கிலோமீட்டரில் பதில் சொன்னார்.

"நூத்தி எழுபது கிலோமீட்டர். பிடிக்க முடியாதும்மா."