மாதா படத்துக்கு ஒரு சட்டம்

1

இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில், மடியில் குழந்தையோடு மாதா படம். அதற்குக் கீழே ஓர் அறிவிப்பு: ‘ஊழியர்கள் கைக்குழந்தையுடன் உள்ளே வரக்கூடாது.’ இரண்டும் ஒரே ஆணியில்.

நான் எழுதிய முதல் வரி: ‘அன்னையின் விழிகளில் அருள் பொங்க…’ அடித்துவிட்டேன். எரிந்தது என் வயிறுதான்.

2

அங்கே சட்டம் போடுகிறவளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை; வேலையை விட்டால் அடுப்பில்லை. வாசலில் வாட்ச்மேன் மடியில் பிள்ளை வீறிட்டது. (‘அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு…’ இல்லை. அழ அவளுக்கு ஏது நேரம்?)

“ஐயா, ஒரு மூலையில போட்டுக்கறேன். பால் குடிச்சா தூங்கிடும்.”

“சட்டம்னா சட்டம்தாம்மா.” முதலாளி புதிதாக வாங்கிய பெரிய மாதா படத்தை மேசையில் விரித்தார். “நாளைக்கு ஃபாதர் வந்து மந்திரிக்கப் போறார். நல்லா ஃபிரேம் போடு. தாய்மைன்னா என்னன்னு இவங்களைப் பார்த்துக் கத்துக்கோ. எவ்வளவு பொறுமை பாரு!”

(இந்த வசனம் மிகை என்றார் நண்பர். அவர் எந்த முதலாளியிடமும் வேலை பார்த்ததில்லை.)

3

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் அட்டை வைப்பார்கள். அதில் வெட்டிய சன்னல் வழியாகத்தான் படம் தெரியும். அன்று அவள் சன்னலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டினாள். படத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் ஃபாதர் முன்னால் முதலாளி படத்தை மூடியிருந்த திரையை விலக்கினார். மாதா குனிந்து வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தை எங்கே?” என்றார் ஃபாதர்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “ஏய், குழந்தை எங்க?”

“வாசல்ல, வாட்ச்மேன் அண்ணன் மடியில இருக்குங்கய்யா. கைக்குழந்தையோட உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? நானும் அதையேதான் போட்டேன்.”

4

முடிவு ஒன்று: முதலாளி மனம் திருந்தி… அடித்துவிட்டேன். எத்தனையோ கதைகளில் திருந்தியிருக்கிறார். எந்தக் கடையிலும் ஒரு தொட்டில் தொங்கவில்லை.

முடிவு இரண்டு: அவள் வேலை போகிறது. நடக்கப்போவது அதுதான் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் என் கை எழுத மறுக்கிறது.

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். ஆனால் வாசலில் பிள்ளை இன்னும் அழுகிறது. நல்ல வாக்கியம் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் கதவைத் திறங்கள்.