பூம்புகார் வழியில் வைக்கோல் படுக்கை

ஸ்ரீவித்யாவின் முதுகுப்பை ஆறு கிலோவுக்கு ஒரு கிராம் கூடவில்லை. பெங்களூரில் கிளம்பும் முன் ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்திருந்தாள். டூத்பிரஷின் கைப்பிடியில் பாதியை வெட்டியிருந்தாள். காற்றடைக்கும் படுக்கை நானூறு கிராம். தலையணை கிடையாது.

திருவையாறு பேருந்து நிலையத்தில் ஷமீரா வந்து இறங்கியபோது அவள் பையிலிருந்து ஒரு பூப்போட்ட தலையணை எட்டிப் பார்த்தது.

"இதையுமா சுமக்கப் போற?"

"தலைக்கு ஒண்ணு இல்லாம எனக்குத் தூக்கம் வராதுடி. நீயா சுமக்கப் போற?"

இருவருக்கும் நாற்பத்தெட்டு வயது. தஞ்சாவூர்க் கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். கோடையில் அறை புழுங்கும்; பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். அங்கே படுத்தபடிதான் திட்டம் போட்டார்கள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் காவிரிக் கரையோடு பூம்புகார் வரை நடந்தே போவது. ஆனால் மூன்றாம் வருடம் தொடங்கும் முன்பே அதிராம்பட்டினத்தில் ஷமீராவுக்குக் கல்யாணம் ஆனது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாளே என்ற கோபத்தில் ஸ்ரீவித்யா கல்யாணத்துக்குப் போகவில்லை. கோபம் தணிந்தபோது ஷமீரா மலேசியாவில் எங்கோ இருந்தாள்.

போன ஆவணியில் பழைய தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர் வந்தது. மூன்றாவது நாளே அவளிடமிருந்து தனியாக ஒரு செய்தி: "பூம்புகார் பாக்கி இருக்கே, போவமா?"

தை மாதம், சம்பா அறுவடை நேரம். முதல் நாள் ஒரு தென்னந்தோப்பில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் தெரியும்படி ஆற்றை ஒட்டிக் கூடாரம் போட்டார்கள். இடம் பார்த்தது ஸ்ரீவித்யா. பாதித் தூக்கத்தில் அவள் இடுப்பு தரையில் இடித்தது. படுக்கையில் காற்றில்லை. ஆற்றோரத்து ஈரம் முதுகில் ஏற, பனி கூடாரத்தின் உள்ளே சொட்டியது. கெட்டி நுரைப்பாயில் படுத்திருந்த ஷமீரா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பஸ் ஏறுறேன்," என்றாள் ஸ்ரீவித்யா காலையில். "வீட்டு மெத்தையிலயே நாலு மணி நேரந்தான் தூங்கறேன். ரெண்டு வருஷமா இப்படித்தான். என்னால முடியாது ஷமி."

ஷமீரா அந்தப் படுக்கையை ஊதி, வாய்க்காலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் அமுக்கினாள். ஓர் ஓரத்தில் குமிழ் வந்தது.

"கருவ முள்ளு. நம்ம சைக்கிள் டியூபை இப்படித்தானே பார்ப்போம்?"

விடுதியில் இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். ஸ்ரீவித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அந்த ஓட்டையில் ஒட்டினார்கள்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி பாரு. முடியலன்னா நாளைக்கு நானே பஸ் ஏத்தி விடறேன்."

மாலையில் கபிஸ்தலம் தாண்டி ஒரு நெல் கொள்முதல் நிலையத்தை அடைந்தார்கள். வெளியே மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் அம்பாரங்கள். நாகம்மாள் என்ற பெண், ஏறக்குறைய இவர்கள் வயதுதான், தன் நெல்லுக்குக் காவலாகப் பக்கத்திலேயே படுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். மறுநாள் காலையில் எடை போட அவள் முறை. இவர்கள் கேட்டதும் அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் இடம் காட்டினாள்.

ஸ்ரீவித்யா படுக்கையை ஊதினாள். பிளாஸ்திரி பிய்ந்துகொண்டு வந்தது. நாகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, இம்புட்டு வைக்கோல் கிடக்கு, பலூனை ஊதிக்கிட்டு இருக்கீங்க?" இரண்டு கை நிறைய அள்ளி வந்து போட்டாள். "ஈரமா இருக்கறத எடுக்காதீங்க, சூடேறிடும். வெறும் வைக்கோல் அரிக்கும், மேல எதையாச்சும் விரிச்சுக்குங்க. ஆத்தோரம் மட்டும் படுக்காதீங்க, பனி புடிச்சுக்கும்."

முழங்கால் உயரத்துக்குப் போட்டது உட்கார்ந்ததும் பாதியாக அமுங்கியது. அதன் மேல் ஓட்டைப் படுக்கையையே விரித்தார்கள். ஸ்ரீவித்யா வியர்வைச் சட்டையை மாற்றிக்கொண்டாள், காய்ந்த காலுறை போட்டுக்கொண்டாள், மீதித் துணிகளைப் பையில் அடைத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். புது வைக்கோல் வாசனை. கதகதப்பு மெல்லக் கால்வரை வந்தது.

"ஷமி, உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்."

"வாசல்ல கார் வந்து நிக்கறப்பல்லாம் நீதான்னு எட்டிப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பசிச்சுது, சாப்பிட்டேன்." ஷமீரா இவள் பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னாள்: "கோலாலம்பூர்ல இருந்தே படிச்சு டிகிரி வாங்கிட்டேன். முடிக்க ஒம்பது வருஷம் ஆச்சு. ரிசல்ட் வந்த அன்னிக்கு உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு இருந்துச்சு. விலாசம் இல்ல."

ஸ்ரீவித்யா கையை நீட்டி ஷமீராவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மொட்டை மாடியில் இடி இடித்தால் அப்படித்தான் பிடிப்பாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்தில் இருந்த அம்பாரத்தைக் காணோம்.

"மணி எட்டரை," என்றாள் ஷமீரா, தேநீர் டம்ளரை நீட்டியபடி. "உன் தலைமாட்டுலயே மூட்டை புடிச்சாங்க, எடை போட்டாங்க, லாரியில ஏத்துனாங்க. நீ அசையல. நாகம்மா போறப்ப சொன்னாங்க, எழுப்பாதீங்கன்னு."

பஸ் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஒரு களத்து மேட்டில் கேட்டு வைக்கோல் வாங்கினார்கள். ஒரு நாள் மட்டும் கிடைக்கவில்லை. நுரைப்பாயைக் குறுக்கே போட்டு இருவரும் முதுகை மட்டும் அதில் வைத்துப் படுத்தார்கள்.

ஆறாம் நாள் மதியம் பூம்புகார் மணலில் வந்து உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஷமீரா சாய்ந்து தூங்கிவிட்டாள். பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்ரீவித்யா தன் நிழல் அவள் முகத்தில் விழும்படி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.